பழைய மூக்குக்கண்ணாடி: லென்ஸ் ஒரு வழி, பிரேம் ஒரு வழி

இழுப்பறையைத் திறந்தால் மூன்று நான்கு பழைய கண்ணாடிகள் கிடக்காத வீடு குறைவு. கண்புரை அறுவைக்குப் பிறகு பாட்டிக்குத் தேவைப்படாமல் போனது ஒன்று. பவர் ஏறியதால் பிள்ளை கழற்றி வைத்தது ஒன்று. காலமான தாத்தாவின் தங்க நிறப் பிரேம் ஒன்று. தூக்கிப் போட மனம் வராது, வைத்துக்கொள்ளக் காரணமும் இருக்காது.

இந்த இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. "பழைய கண்ணாடியைப் போடுங்கள், ஏழை ஒருவருக்குப் பார்வை கிடைக்கும்" என்று சேகரிப்புப் பெட்டி சொல்கிறது. பார்வையிழப்பைத் தடுக்கப் பாடுபடும் அனைத்துலக அமைப்பான ஐ.ஏ.பி.பி.யோ, உதவித் திட்டங்களில் பழைய கண்ணாடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. இரண்டு தரப்புமே நல்லெண்ணம் கொண்டவைதான். பிறகு ஏன் இந்த முரண்?

கண்ணாடியை ஒரே பொருளாக நினைப்பதால் வரும் சிக்கல் இது. அது இரண்டு பொருள்கள். லென்ஸ், ஒரே ஒருவரின் இரு கண்களுக்காக அறுத்துச் செய்தது. பிரேம், முகத்துக்குப் பொருந்தினால் யாரும் போடக்கூடியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதை எங்கே கொடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

லென்ஸுக்குள் என்ன இருக்கிறது

கண்ணாடிக் கடையில் கொடுக்கும் சீட்டில் உள்ள எண்கள் இவை:

1. கோளப் பவர். டயாப்டர் என்ற அலகில், 0.25 படிகளில் எழுதப்படும். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது மங்கும். பிளஸ் என்றால் தூரப்பார்வை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்துக்கும் பிளஸ்தான்.

2. சிலிண்டர், அச்சு. கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாதவர்களுக்கு ஒரு திசையில் மட்டும் கூடுதல் பவர் வேண்டும். அந்த அளவு சிலிண்டர். அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது அச்சு, 1 முதல் 180 பாகை வரை.

3. கூட்டுப் பவர். இரட்டைப் பார்வைக் கண்ணாடியிலும், மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடியிலும், படிப்பதற்காகக் கீழ்ப்பகுதியில் சேர்க்கும் பிளஸ்.

4. பி.டி. இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். பெரியவர்கள் பலருக்கு 60 முதல் 66 வரை இருக்கும்.

கோளப் பவர் −6.00 முதல் +4.00 வரை என்று வைத்தால் 41 அளவுகள். சிலிண்டரை 2.00 வரையும், அச்சை 5 பாகைப் படிகளிலும் எடுத்தால், சிலிண்டர் இல்லாததையும் சேர்த்து ஒவ்வோர் அளவுக்கும் 289 வகை. ஆக ஒரு கண்ணுக்கே 11,849 வகை லென்ஸ். இரு கண்ணுக்கும் சேர்த்தால் 14 கோடியைத் தாண்டுகிறது. எல்லா வகையும் ஒரே அளவில் புழங்குவதில்லை என்பது உண்மைதான். குறைந்த பவர்களில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். அப்படியே கணக்கில் தள்ளுபடி கொடுத்தாலும், ஒருவர் கழற்றி வைத்தது இன்னொருவருக்கு அச்சாகப் பொருந்துவது அரிது.

பவர் பொருந்தினாலும் பி.டி. பொருந்த வேண்டும். லென்ஸின் ஒளி மையம் கண்மணிக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ், ஒளியைத் திசைதிருப்பும் ஒரு பட்டகம்போல் நடந்துகொள்ளும். விலகல் எவ்வளவு சென்டிமீட்டர் என்பதைப் பவரால் பெருக்கினால் பட்டக விளைவு கிடைக்கும். பி.டி. 66 உள்ளவரின் −4.00 கண்ணாடியை 58 உள்ளவர் போட்டால், ஒரு கண்ணுக்கு 4 மி.மீ. விலகல். 0.4 × 4 = 1.6. இரு கண்ணுக்கும் சேர்த்து 3.2. இந்த நிலையில் கண்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விலகிப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குக் கண் தசைகளுக்கு உள்ள வலு மிகக் குறைவு. தலைவலி, கண் எரிச்சல், சில நேரம் இரட்டையாகத் தெரிவது எல்லாம் இதனால்தான். ஒரு லென்ஸ் மேலேயும் இன்னொன்று கீழேயும் நின்றுவிட்டால் இன்னும் மோசம். மேல்கீழ் வாக்கில் 1 அளவு பட்டக வித்தியாசத்தைக்கூடப் பலரால் தாங்க முடியாது.

தவறான கண்ணாடி பெரியவர்களின் கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் தெளிவில்லாத உருவத்தையே பார்த்துப் பழகினால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்கும். இதுதான் சோம்பேறிக் கண். அக்காளின் பழைய கண்ணாடியைத் தம்பிக்கு மாட்டிவிடும் பழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம்.

நூற்றில் ஏழு

பழைய கண்ணாடிச் சேகரிப்பில் உலகெங்கும் முன்னணியில் இருப்பது லயன்ஸ் சங்கம், நம் பேச்சில் அரிமா சங்கம். 1925இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டில், பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி ஹெலன் கெல்லர் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் நலம் அவர்களின் முதன்மைப் பணியாயிற்று. அமெரிக்கா, ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளில் அவர்களுக்குக் கண்ணாடி மறுபயன்பாட்டு மையங்கள் உள்ளன. வரும் கண்ணாடிகளைக் கழுவி, லென்ஸ்மீட்டரில் பவர் அளந்து, அளவுவாரியாகப் பொதிந்து வைக்கும் இடங்கள் அவை.

அந்த உழைப்பில் எவ்வளவு பயனாகிறது? 2012இல் கண் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளைப் பரிசோதித்தது. மறுபயன்பாட்டுக்குத் தேறியவை 7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 19. மற்றவை கீறல் விழுந்தவை, உடைந்தவை, அல்லது வேறு எவருக்கும் ஒத்துவராத பவர். தேறிய ஒன்றைப் பயனாளியிடம் சேர்க்க ஆகும் செலவு 20.49 அமெரிக்க டாலர். கடையில் தயாராகக் கிடைக்கும் புதுக் கண்ணாடியைக் கொடுப்பதைவிட இரு மடங்குக்கு மேல். ஐ.ஏ.பி.பி.யின் நிலைப்பாட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

தேவை சிறியதல்ல. கிட்டப்பார்வை போன்ற குறையால் தூரப் பார்வை மங்கியவர்களில் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே பொருத்தமான கண்ணாடி கிடைத்திருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்த நிறுவனம் 2024இல் தொடங்கிய திட்டம், 2030க்குள் இந்த அளவை 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தப் பார்க்கிறது. பரிசோதிக்கும் ஆளும், அளந்து கொடுக்கும் கடையும் மக்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்பதே பெரிய தடை. பெட்டி பெட்டியாகப் பழைய லென்ஸ் அனுப்புவது அந்தத் தடையைத் தொடுவதில்லை.

உங்களிடம் இருப்பது எந்த லென்ஸ்? வீட்டிலேயே பார்க்கலாம்

சீட்டு தொலைந்திருக்கும். பரவாயில்லை, எந்தக் கண்ணாடிக் கடையிலும் லென்ஸ்மீட்டரில் வைத்தால் சில நிமிடங்களில் எண் வந்துவிடும். அதற்கு முன் வீட்டிலேயே தரம் பிரிக்க:

1. கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகத் தூரத்துக் கதவு விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். உள்ளே தெரியும் விளிம்பும் வலப்பக்கமே போனால் மைனஸ். எதிர்ப்பக்கம் போனால் பிளஸ். காட்சி தலைகீழாகத் தெரிந்தால் மிக அதிகப் பிளஸ். கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை பரவுவதற்கு முன், கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்த தடித்த கண்ணாடி அது. இன்று அதற்குப் பயனாளி கிடைப்பது மிக அரிது.

2. அதே விளிம்பைப் பார்த்தபடி லென்ஸைக் கார் ஸ்டீயரிங்போல் திருப்புங்கள். கோடு சாய்ந்து கத்தரிக்கோல்போல் விரிந்தால் சிலிண்டர் இருக்கிறது. அசையாமல் நேராக நின்றால் இல்லை.

3. பிளஸ் லென்ஸ் என்றால் பவரை உத்தேசமாக அளக்கலாம். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, வெளியே தெரியும் மரத்தின் உருவம் தாளில் கூர்மையாக விழும்வரை லென்ஸை முன்பின் நகர்த்துங்கள். தாளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் எத்தனை சென்டிமீட்டரோ, அதால் 100ஐ வகுங்கள். 50 என்றால் +2.00. 40 என்றால் +2.50. சூரியனை நோக்கி மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிளஸ் லென்ஸ் வெயிலைக் குவித்துத் தாளைப் பொசுக்கும். பழைய வாசிப்புக் கண்ணாடியைச் சன்னல் ஓரத்தில் திறந்து வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்.

4. இரு லென்ஸும் ஒரே தூரம் காட்டி, சிலிண்டரும் இல்லையென்றால், அது கடையில் தயாராக விற்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குச் சமம். லென்ஸோடு சேர்த்து இன்னொருவருக்கு மனம் ஒப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே வகை இதுதான். +1.00 முதல் +3.50 வரை யாருக்காவது பயன்படும்.

5. புரோகிரசிவ் லென்ஸைக் கண்டுபிடிக்க, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் 34 மி.மீ. இடைவெளியில் மிகச் சிறிய இரண்டு பொறிப்புகள் தெரியும். காதுப் பக்கக் குறியின் கீழே கூட்டுப் பவரின் எண் இருக்கும். 20 என்றால் 2.00. விலை அதிகம் கொடுத்து வாங்கியது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் கண்மணியின் உயரம், பி.டி., பிரேம் சாய்வு எல்லாம் ஒருவருக்கே அளந்து செய்ததால், இன்னொருவருக்கு மிகக் குறைவாக உதவுவதும் இதுதான்.

முதலில் உங்களுக்கே உதவுமா என்று பாருங்கள்

தானம் செய்யும் அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புதுப் பவருக்கும் பழைய பவருக்கும் 0.50 வரைதான் வித்தியாசம் என்றால், பழையது நல்ல மாற்றுக் கண்ணாடி. கிட்டப்பார்வை −4.00க்கு மேல் உள்ளவர், கண்ணாடி உடைந்த நாளில் வேலைக்குப் போகவே திண்டாடுவார். அவருக்கு ஒரு மாற்று கட்டாயம் வேண்டும். வண்டி ஓட்ட மட்டும் புதியதையே போடுங்கள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடி +2.50 ஆனபின் ஒதுக்கி வைத்த பழைய +1.50, 67 சென்டிமீட்டரில் தெளிவு கொடுக்கும். மேசைக் கணினித் திரை நிற்கும் தூரமும் அதுதான். கிட்டப்பார்வைக்காரர் கணக்கு இப்படி: இப்போது தூரத்துக்கு −2.00, கூட்டுப் பவர் 1.50. திரை தூரத்துக்குக் கூட்டுப் பவரில் பாதி போதும். −2.00 + 0.75 = −1.25. முன்பு போட்ட −1.25 கண்ணாடி இழுப்பறையில் இருந்தால், கணினிக் கண்ணாடி தனியாக வாங்க வேண்டியதில்லை.

பிரேமுக்கு மறுவாழ்வு

பழைய கண்ணாடியின் உண்மையான மதிப்பு பெரும்பாலும் பிரேமில்தான் இருக்கிறது. அதில் புது லென்ஸ் போடச் சொல்வது எந்தக் கண்ணாடிக் கடைக்கும் பழகிய வேலை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல கடைகள் லென்ஸ் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருகின்றன. கடைக்குப் போகுமுன் பிரேமை இப்படிச் சோதியுங்கள்.

காதுக்கம்பியின் உட்புறத்தில் 52 18 140 என்பதுபோல் எண்கள் இருக்கும். லென்ஸ் அகலம் 52, மூக்குப் பாலம் 18, கம்பி நீளம் 140, எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 70. போடப்போகிறவரின் பி.டி. 62 என்றால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். மைனஸ் லென்ஸில் அப்போது காதுப் பக்க விளிம்பு தடித்துவிடும். வித்தியாசம் குறையக் குறைய லென்ஸ் மெலிதாகவும் அழகாகவும் வரும். ஆகவே பிரேம் பிடித்திருக்கிறதா என்பதற்கு முன், கூட்டல் தொகை பி.டி.க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகப் பவர்க்காரர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

அடுத்தது பொருள். தடித்த, பல வண்ணப் பிரேம்கள் பெரும்பாலும் அசிட்டேட். மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ செய்யும் பிளாஸ்டிக் அது. வளைந்து கொடுப்பதற்காக அதில் ஓர் இளக்கிப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் நம் ஊர் வெப்பத்திலும் வியர்வையிலும் அது கசிந்துவிடும். மேலே வெள்ளைப் பூச்சுபோல் படியும், காடிபோல் புளித்த வாடை வரும், பிரேம் உலர்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். லென்ஸ் ஏற்றச் சூடுகாட்டி விரிக்கும்போது மூக்குப் பாலத்தில் பட்டென்று முறியும். வெளுப்பு மேலோட்டமாக மட்டும் இருந்தால் மெருகேற்றி எடுத்துவிடலாம். வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

உலோகப் பிரேமில் மூக்குத் திண்டுகளின் அடியில் பச்சைக் கறை பார்க்கலாம். செம்பு கலந்த உலோகம் வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. கழுவினால் போய்விடும். பூச்சு உரிந்து உள் உலோகம் தெரிந்தால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் சிவந்து அரிக்கும். டைட்டானியம் பிரேமுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது முறிந்தால் சாதாரணப் பற்றவைப்பு பிடிக்காது, லேசர் பற்றவைப்பு வேண்டும்.

கீழ் விளிம்பு இல்லாத பிரேமில் லென்ஸைத் தாங்குவது மெல்லிய நைலான் நூல். அது தளர்ந்திருந்தால் மாற்றச் சில நிமிடம் போதும். லென்ஸில் நூல் உட்காரப் பள்ளம் வெட்ட, விளிம்பு சுமார் 2 மி.மீ. தடிப்பாக இருக்க வேண்டும். விளிம்பே இல்லாமல் துளையிட்டு மாட்டும் பிரேமுக்கு, சி.ஆர்.-39 எனும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டாம். துளையைச் சுற்றிக் கீறல் ஓடிவிடும். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் எனும் உறுதியான பிளாஸ்டிக் லென்ஸ் கேளுங்கள்.

புரோகிரசிவ் போடுவதாக இருந்தால் பிரேமின் உயரம் முக்கியம். கண்மணியிலிருந்து கீழ் விளிம்புவரை 18 மி.மீ. இருந்தால் நிம்மதி. அதற்கும் குறைவான பிரேம்களுக்கென்று குட்டை வடிவ லென்ஸ்கள் உண்டு, ஆனால் படிக்கும் பகுதி ஒடுங்கிவிடும். ஒரு காலத்தில் பரவலாக இருந்த ஒடுக்கமான செவ்வகப் பிரேம்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

பிடிப்பு தளர்ந்த கம்பிக்கு வழக்கமாக வேண்டியது 1.4 மி.மீ. திருகாணி மட்டுமே. சூப்பர் குளூ பக்கம் போகவே போகாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படியும், ஒட்டிய மூட்டை அதன்பின் யாராலும் கழற்றிச் சரிசெய்ய முடியாது.

பழைய லென்ஸையே சாயம் ஏற்றிக் குளிர்கண்ணாடி ஆக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பூச்சில்லாத சி.ஆர்.-39 லென்ஸில் முடியும். சூடான சாயத் தொட்டியில் ஊற வைத்தால் நிறம் ஏறும். பிரதிபலிப்பு தடுக்கும் பூச்சு உள்ள லென்ஸில் ஏறாது, இன்று பெரும்பாலானவற்றில் அந்தப் பூச்சு இருக்கிறது. நல்ல பிரேம் கையில் இருந்தால், உங்கள் பவரிலேயே நிறமேற்றிய புது லென்ஸ் போட்டுக்கொள்வது மேல்.

இங்கே யாரிடம் கொடுப்பது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951இல் தொடங்கியது. பினாங்கு பாகான் ஜெர்மாலில் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம். பழைய கண்ணாடி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இவைதான். ஆனால் முழுப் பார்வையிழப்பு உள்ளவருக்குக் கண்ணாடி பயன்படாது. குறைபார்வை உள்ளவர்களுக்கு வேண்டியது தனியே அளந்து கொடுக்கும் உருப்பெருக்கிகள். அந்த இல்லங்களுக்கு உதவ நினைத்தால் வேறு என்ன தேவை என்று கேட்டுச் செய்யுங்கள். கண்ணாடி மூட்டையைத் தரம் பிரிக்கும் வேலையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

அரிமா சங்கமோ வேறு சங்கமோ பெட்டி வைத்திருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பவரை அளப்பது யார்? பெறுபவரின் கண்ணைப் பரிசோதித்த பிறகுதான் கொடுக்கிறார்களா? தேறாதவை எங்கே போகின்றன? மூன்றுக்கும் நேரடிப் பதில் வந்தால் தயங்காமல் கொடுக்கலாம். "மொத்தமாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்றால் வேண்டாம். நம் வீட்டுக் குப்பை இன்னொரு நாட்டுக் கிராமத்தின் குப்பையாவதில் யாருக்கும் புண்ணியம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி, கண்ணின் பவரைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருவோரும் செய்து கொடுப்போரும் மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, "எது தெளிவாகத் தெரிகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பழைய கண்ணாடிகளைப் பரப்பி வைப்பது சரியல்ல.

கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. உறைக்குள் மடித்து வைத்த கடைச் சீட்டில் பெயர், தொலைபேசி எண், சில நேரம் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுக் கழுவி, மூக்குத் திண்டின் இடுக்கை மெத்தென்ற பல் தூரிகையால் தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கொதிநீர் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் விரியும் அளவுக்கு மேலே உள்ள பூச்சு விரியாது, சிலந்திவலைபோல் வெடித்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் விட்ட கண்ணாடிகள் கெடுவதும் இப்படித்தான். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் அசிட்டேட் பிரேம் கரையும், பாலிகார்பனேட் லென்ஸ் வெடிக்கும்.

மீதிக்கு எந்தத் தொட்டி

கோலாலம்பூரில் கூட்டரசுச் சட்டப்படி 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை, தன் மாநகர மன்றங்கள் வழியாகத் தனிக் கொள்கை நடத்துகிறது. இரு இடத்திலும் மறுசுழற்சித் தொட்டியில் மூக்குக்கண்ணாடியை முழுதாகப் போடுவது வீண். காரணங்கள்:

சி.ஆர்.-39 லென்ஸ் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. பாலிகார்பனேட் உருகும், ஆனால் பூச்சுகளோடு கூடிய இத்தனை சிறிய துண்டைத் தனியே பிரித்தெடுப்பது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. பழைய கண்ணாடிக் கல் லென்ஸை, கண்ணாடிப் புட்டிகளுக்கான பழுப்புத் தொட்டியில் போடக்கூடாது. புட்டி செய்யும் கண்ணாடியின் சேர்மானம் வேறு, இதன் சேர்மானம் வேறு. அசிட்டேட்டுக்கு இங்கே வீட்டுக் குப்பை அளவில் மறுசுழற்சி வழி இல்லை. இவை எல்லாம் மீதிக் குப்பைதான். மனத்தைத் தேற்றிக்கொண்டு போட்டுவிடுங்கள்.

உலோகப் பிரேம் மட்டும் விதிவிலக்கு. லென்ஸ், மூக்குத் திண்டு, காது முனை பிளாஸ்டிக் மூன்றையும் கழற்றிவிட்டு, மற்ற பழைய உலோகத்தோடு சேர்த்து, ஒலிபெருக்கியோடு தெருவில் வரும் பழைய பேப்பர் லாரியில் கொடுக்கலாம். ஒன்றின் எடை 15, 20 கிராம்தான். தனியாகக் கொடுத்தால் எங்கோ விழுந்து தொலையும்.

தாத்தா காலத்துப் பிரேமை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மூக்குப் பாலத்தின் பின்புறமோ கம்பியின் உட்புறமோ 1/10 என்ற பின்னமும் அருகே 12 கேரட் குறியும் இருந்தால், அது தங்கத் தகடு பொதிந்த பிரேம். எடையில் பத்தில் ஒரு பங்கு 12 கேரட் தங்கம் என்று பொருள். 12 கேரட் என்பது பாதித் தங்கம். ஆக 10 கிராம் பகுதியில் அரை கிராம். உருக்கிப் பிரிக்கும் கூலி போகப் பெரிதாக மிஞ்சாது. அப்படியே வைத்துப் புது லென்ஸ் போடுவதோ, ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தையில் பழம்பொருள் தேடுபவரிடம் விற்பதோ நல்லது. மிகப் பழைய பழுப்புப் புள்ளிப் பிரேம் அசல் ஆமை ஓடாகவும் இருக்கலாம். அந்த ஓடு வருவது அழுங்காமையிடமிருந்து. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் அது. அதன் ஓட்டை அனுமதியின்றி எல்லை தாண்டி எடுத்துப் போகவோ அஞ்சலில் அனுப்பவோ கூடாது.

கோயிலோ பள்ளியோ செய்ய நினைத்தால்

கண்ணாடி சேகரிப்பதற்குப் பதிலாகப் பிரேம் சேகரியுங்கள், லென்ஸுக்குப் பணம் திரட்டுங்கள். வரிசை இப்படி இருந்தால் சிக்கல் வராது:

1. முதலில் பதிவு பெற்ற கண் பரிசோதகர் ஒருவரையும், லென்ஸ் போட்டுத் தரும் கடை ஒன்றையும் பேசி முடியுங்கள். ஒற்றைப் பார்வை லென்ஸ் ஒரு சோடிக்கு என்ன விலை, பிரேம் முறிந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

2. பரிசோதனை நாளை வையுங்கள். எத்தனை பேருக்குக் கண்ணாடி தேவை என்று தெரிந்த பிறகுதான் பிரேம் கேட்டு அறிவிப்புப் போட வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் மூட்டைதான் வளரும்.

3. வரும் பிரேம்களில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, தேறியவற்றை லென்ஸ் அகல எண்படி அடுக்குங்கள். பெரியவர்களுக்கு 50 முதல் 56 வரை. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 48க்குக் கீழே வேண்டும். பெரியவர் பிரேமைப் பிள்ளைக்கு மாட்டினால் மூக்கில் வழுக்கி இறங்கும், பிள்ளை லென்ஸுக்கு மேலாகப் பார்க்கும். பிள்ளைகளுக்குப் போதிய பிரேம் சேராவிட்டால் புதிதாகவே வாங்குங்கள்.

4. +1.00 முதல் +3.50 வரையிலான, இரு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடிகளைத் தனியாக எடுத்து, லென்ஸ்மீட்டரில் சரிபார்த்து, பவர் எழுதிய சீட்டு ஒட்டிப் பரிசோதகரிடம் கொடுங்கள். வயதானவர்களில் யாருக்கு அவை போதும் என்பதை அவர் சொல்வார்.

5. முகத்தில் மாட்டிப் பார்த்து, பி.டி. அளந்து, பிறகே லென்ஸ் வெட்டக் கொடுக்க வேண்டும். பிரேம் எண்ணை மட்டும் வைத்து ஊகித்து வெட்டினால் முதலில் சொன்ன பட்டகக் கோளாறு இங்கேயும் வந்து நிற்கும்.

6. கண்ணாடி வாங்கிப்போகும் பிள்ளையிடம் அடுத்த பரிசோதனைத் தேதியை அட்டையில் எழுதிக் கொடுங்கள். வளரும் வயதில் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும், ஓராண்டுக்குள் லென்ஸ் மாற வேண்டியிருக்கலாம். பிரேம் அப்போதும் பொருந்தினால் அதையே மீண்டும் கடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.